குழந்தையின் கழுத்துப் பயிற்சிக்குக் குறுக்கே நிற்காதீர்கள்

தலை ஒரு பக்கமாகவே சாய்ந்திருக்கும் கைக்குழந்தைக்குக் கழுத்துப் பயிற்சி கொடுக்கச் சொல்லி டாக்டர் அனுப்பினால், அதைச் செய்யவிடாமல் தடுப்பது பெரும்பாலும் வீட்டில் இருக்கும் நாம்தான். குழந்தை ஒரு சத்தம் போட்டால் போதும், நாலு பக்கத்திலிருந்தும் ஆள் ஓடி வந்துவிடும். "பச்சப் புள்ளைய ஏம்மா இம்ச பண்ற? வுடு, வளர வளர சரியாப் பூடும்." பெற்றவள் கையை எடுத்துவிடுவாள். அன்றைய பயிற்சி அத்தோடு முடிந்தது.

என் தங்கச்சி பிரசவத்துக்கு எங்கள் தண்டையார்பேட்டை வீட்டுக்கு வந்திருந்தாள். குழந்தை கடைசி வரை தலை திரும்பாமல் கால் கீழாகவே இருந்ததால் சிசேரியன். ஒரு மாதம் நெருங்கும்போது கவனித்தோம், தலை எப்போதும் வலது தோள் பக்கம் சாய்கிறது, முகம் இடது பக்கமே பார்க்கிறது. ஒரு பக்கம் பால் கொடுத்தால் குடிக்கும், மறுபக்கம் போட்டால் கத்தும். வலது கழுத்து மடிப்பில் பாலும் வியர்வையும் தேங்கித் தோல் சிவந்து கிடந்தது. சென்னை வெயிலில் அந்த மடிப்பைத் துடைத்துக் காயவைப்பதே தனி வேலை.

காதுக்குப் பின்னாலிருந்து நெஞ்செலும்பு, காறை எலும்பு வரை ஒரு தசை ஓடுகிறது. அது ஒரு பக்கம் இறுகிச் சுருங்கினால் தலை அந்தப் பக்கம் சாயும், முகவாய் எதிர்ப்பக்கம் திரும்பும். டார்டிகாலிஸ் என்கிறார்கள். கருப்பையில் இடம் நெருக்கமாக இருந்த குழந்தைகள், கால் கீழாக இருந்தவர்கள், கஷ்டப்பட்டுப் பிறந்தவர்கள், இவர்களிடம் கூடுதலாகப் பார்க்கலாம். சில குழந்தைகளுக்கு அந்தத் தசையில் சின்னதாக ஒரு கட்டியும் தென்படும். பிறந்த சில வாரத்தில் வந்து சில மாதத்தில் தானே கரைவது அது. டாக்டர் தேவைப்பட்டால் ஸ்கேன் எடுத்து உறுதி செய்துகொள்வார். அதைப் போட்டு அழுத்தித் தேய்க்கக் கூடாது.

எங்கள் தெருவில் ஒரு ஆயா இருக்கிறார். பார்த்த உடனே சொல்லிவிட்டார், "இன்னாம்மா, புள்ளைக்கு உரம் வுழுந்துருக்கு, பொடவைல போட்டு ரெண்டு உருட்டு உருட்டுனா சரியாப் பூடும்." அந்த ஆயா மீது எனக்குக் கோபமில்லை. காசு வாங்காமல் ராத்திரி பகல் பார்க்காமல் ஓடி வருகிற மனுஷி. ஆனால் இது நேற்றுப் பிடித்த சுளுக்கு இல்லை. ஒரே உருட்டில் நீள்வதற்கு அந்தத் தசையால் முடியாது. தலை நிற்காத வயதில் புடவையில் போட்டு உருட்டுவதும், காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்குவதும் ஆபத்து. இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. கிரகணத்தில் வெளியே வந்தாயா, ஒருக்களித்துப் படுத்தாயா, பால் கொடுக்கும்போது சரியாகப் பிடிக்கவில்லையா என்று பெற்றவளைக் கூண்டில் ஏற்றும் கூட்டம். தையல் வலியோடு உட்கார்ந்திருப்பவளிடம் கேட்கிற கேள்வியா இது? அவள் ஒன்றும் செய்யவில்லை. பேச்சை விட்டுவிட்டு வேலையைப் பங்கு போடுங்கள்.

வேலை என்றால் என்ன? பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்தது எளிமையாகத்தான் இருந்தது. ஒரு கையால் வலது தோள் தூக்காமல் மெதுவாகப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் தலையைத் தாங்கி, இடது காது இடது தோளை நெருங்கும்படி சாய்க்க வேண்டும். அப்புறம் முகவாயை வலது தோள் பக்கம் திருப்ப வேண்டும். எவ்வளவு நேரம், எத்தனை முறை என்பதை அவர்தான் சொல்ல வேண்டும், வீடியோ பார்த்து நாமாக ஆரம்பிக்கக் கூடாது. குழந்தை முரண்டு பிடித்தால் பலவந்தம் வேண்டாம். விட்டுவிட்டுப் பிறகு செய்யலாம். சிணுங்கல் வேறு, வலியில் வீறிடுவது வேறு. மூச்சோ நிறமோ மாறினால் உடனே நிறுத்திவிட வேண்டும். துணி மாற்றும்போதெல்லாம் ஒரு தடவை என்று வைத்துக்கொண்டால் மறக்காது. மாமனாக நானும் கற்றுக்கொண்டேன், அம்மாவும் கற்றுக்கொண்டார்.

பயிற்சியைவிடப் பெரிய பங்கு மீதி நேரத்துக்கு. எங்கள் வீடு ஒரே ரூம், பாய் ஒரே இடத்தில்தான் விழும். கதவும் டிவியும் குழந்தைக்கு இடப்பக்கம். பிறகு எப்படி அது வலப்பக்கம் திரும்பும்? பாயில் தலைமாட்டையும் கால்மாட்டையும் மாற்றினோம், கதவு வலப்பக்கம் வந்துவிட்டது. கிலுகிலுப்பை ஆட்டுவதும் கொஞ்சுவதும் அந்தப் பக்கமிருந்தே. ஒரே பக்கம் படுத்தால் அந்தப் பக்கப் பின்மண்டை தட்டையாகும் என்பதற்கும் இதுதான் வழி. கடுகுத் தலையணை ஒன்று உறவிலிருந்து வந்தது, பத்திரமாக அலமாரியில் இருக்கிறது. கைக்குழந்தைக்குத் தலையணையே கூடாது.

தூளிதான் பெரிய சண்டை. துணி இரு பக்கமும் அணைத்துக்கொள்வதால் சாய்ந்த தலை சாய்ந்தபடியே கிடக்கும். ஆனால் தூளி இல்லாமல் அது தூங்கவே தூங்காது என்று அம்மா சொல்ல, ஒரு வாரம் வீடே ரணகளம். கடைசியில் பாயில் மல்லாக்கப் போட்டுப் பழக்கினோம். விழித்திருக்கும்போது மட்டும், யாராவது பக்கத்திலிருக்க, குப்புறப் போட்டு விளையாட்டு. தூங்கும்போது குப்புற வேண்டவே வேண்டாம்.

மூன்று மாதத்துக்கு முன்பே ஆரம்பித்தால் பலன் சீக்கிரம். தள்ளிப்போடப் போட நாளாகும். பெரும்பாலான குழந்தைகளுக்குப் பயிற்சியிலேயே ஒரு வயதுக்குள் சரியாகிவிடும், அறுவை சிகிச்சை ரொம்பச் சிலருக்குத்தான். முதலில் காட்டிய கிளினிக்கில் "பார்க்கலாம், பெரிசானா சரியாகும்" என்று அனுப்பிவிட்டார்கள். அந்தப் பதில் வந்தால் இன்னொரு இடம் பாருங்கள். ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் பிசியோதெரபி பிரிவு இருக்கிறது, எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையும் இருக்கிறது. எல்லாச் சாய்வும் தசையால் வருவதில்லை. கண், கழுத்தெலும்பு என்று வேறு காரணங்களும் உண்டு. நன்றாக இருந்த குழந்தைக்குத் திடீரென்று கழுத்து சாய்ந்து, காய்ச்சலோ வாந்தியோ சேர்ந்தால் அது அவசரம்.

6, 10, 14 வாரங்களில் எப்படியும் தடுப்பூசிக்கு சுகாதார நிலையம் போகத்தான் போகிறோம். அப்படியே டாக்டரிடம் கழுத்தைக் காட்டுங்கள், கூடவே இடுப்பு மூட்டையும் பார்க்கச் சொல்லுங்கள், ஏனென்றால் இந்தக் குழந்தைகளில் சிலருக்கு இடுப்பிலும் கோளாறு இருக்கும். பயிற்சிக்கு எழுதித் தந்தால் பெற்றவளோடு வீட்டில் இன்னொருவரும் போய் நேரில் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். அவள் குளிக்கப் போகிற நேரத்தில் பயிற்சி நின்றுவிடாது.