பயிலுநரை 9 சி-க்கு அனுப்பாதீர்கள்

கொழும்பு வடக்கில் ஒரு பாடசாலையில் பயிலுநர் ஆசிரியையாகக் கட்டுறு பயில்வு செய்கிறேன் என்றதும் ஹட்டனில் எங்கள் வீட்டுப் பக்கத்தில் எல்லாரும் ஒன்றைத்தான் கேட்கிறார்கள்: "அந்தப் பிள்ளைகளை எப்படி மேய்க்கிறாய்?" கேள்விக்குள்ளேயே தீர்ப்பும் இருக்கிறது. குடு, ஐஸ் என்ற போதைப்பொருட்கள், கத்திக்குத்து என்று செய்திகளில் அடிபடும் பகுதி, ஆகவே பிள்ளைகளும் அப்படித்தான் என்ற முடிவு. போன வாரம் முழுவதும் அவர்களோடுதான் இருந்தேன். சத்தம் தாங்க முடியவில்லை, உண்மை. ஆனால் நான் பயந்துபோன விஷயம் வேறு.

கல்வியியற் கல்லூரியில் இரண்டு வருடம் படித்துவிட்டு மூன்றாம் வருடத்தில் பாடசாலைக்கு வருகிறோம். என் பாடம் கணிதம். எனக்குக் கிடைத்தது 9 சி, அதாவது ஒன்பதாம் தரத்தின் சி பிரிவு. பெரும்பாலும் இடைவேளைக்குப் பிந்திய பாடவேளைகள், வெயில் ஏறி, பிள்ளைகளின் கண் வாசலில் இருக்கும் நேரம். நீளமான மண்டபம் ஒன்றைப் பலகைத் தடுப்பு வைத்துப் பிரித்திருக்கிறார்கள். பக்கத்து வகுப்பு வாய்ப்பாடு ஒப்புவிக்கத் தொடங்கினால் நான் வெண்கட்டியை வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.

திங்கட்கிழமை ஆசிரியர் அறையில் மூத்த ஆசிரியை ஒருவர் மேசை லாச்சியிலிருந்து பிரம்பை எடுத்து நீட்டினார். "இது இல்லாமல் அங்கே போகாதீர்கள் தங்கச்சி." அன்பாகத்தான் சொன்னார். 2005இலேயே 17ஆம் இலக்கச் சுற்றறிக்கை பாடசாலைகளில் உடல் தண்டனையைத் தடைசெய்துவிட்டது. ஆசிரியர் அறைந்ததில் காது கேட்கும் திறன் பாதிக்கப்பட்ட மாணவனின் வழக்கில், அவனுடைய அடிப்படை உரிமை மீறப்பட்டது என்று உச்ச நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்தது. இவை அவருக்கும் தெரியும். தெரிந்தும் பிரம்பு லாச்சியில் இருப்பதற்குக் காரணம் கொடூரம் அல்ல. நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு பிரம்பைக் கீழே வைத்த ஆசிரியர் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று யாரும் வகுப்பறைக்கு வந்து காட்டவில்லை. சுற்றறிக்கை வந்தது, ஆள் வரவில்லை.

நான் வெறுங்கையோடு போனேன். முன்வாங்கில் இருந்த பையன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீங்கள் அடிக்க மாட்டீர்களா டீச்சர்?" என்று கேட்டான். நக்கலாகக் கேட்கவில்லை. பிறகு எப்படி வகுப்பு நடக்கும் என்ற உண்மையான சந்தேகம் அவனுக்கு.

இனி அந்தப் பயத்துக்கு வருகிறேன். செவ்வாய்க்கிழமை வரவு குறைவு. அன்று கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் கூட்டம் அதிகம், மதம் பார்க்காமல் சனம் போகும். பாட்டியோடு போகிறவர்களும் உண்டு, பெரியம்மாவின் மெழுகுதிரிக் கடையில் நிற்கிறவர்களும் உண்டு. வந்திருந்தவர்களுக்கு அன்று இலாப நட்டக் கணக்கு. "வியாபாரி ஒருவர் 240 ரூபாவுக்கு வாங்கிய பொருளை 15 சதவீத இலாபத்துடன் விற்றார் எனில் விற்ற விலை யாது?" பின்வாங்கில் உயரமான ஒருவனை வாசிக்கச் சொன்னேன். உடனே தண்ணீர் குடிக்கப் போக வேண்டும் என்றான். வாசித்துவிட்டுப் போகலாம் என்றேன். எழுந்தான். விரலை "வி"யின் கீழே வைத்தான். "வியா" என்றான். விரல் அடுத்த எழுத்துக்குப் போனது, வாய் போகவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது. பிறகு பக்கத்தில் இருந்தவனின் தலையில் கொப்பியால் ஓங்கி ஒன்று போட்டான், வகுப்பு வெடித்தது. பாடவேளை முடியும் வரை ஒரே ரகளை. ரகளைக்குள் அவன் தப்பிவிட்டான்.

அன்றிலிருந்து கவனிக்கத் தொடங்கினேன். சண்டை, தண்ணீர், கழிப்பறை, தொலைந்த பென்சில் எல்லாம் பெரும்பாலும் வாசிக்கச் சொல்லும் நேரத்தில்தான் வருகின்றன. புதன்கிழமை அதே மாதிரிக் கணக்குகளை நானே இரண்டு தரம் உரக்க வாசித்தேன். சரியான விடை சொன்னவர்கள் சிலர்தான், ஆனால் கொப்பியில் ஏதோவொன்றை எழுதிப் பார்க்காதவர் யாரும் இல்லை. அந்த உயரமானவன் 36 வரை வந்து நின்றான். 240ஐக் கூட்ட மறந்துவிட்டான். அது கணிதப் பிழை. கணிதப் பிழையை நான் திருத்துவேன், அதற்குத்தான் படித்திருக்கிறேன். ஒன்பதாம் தரத்தில் எழுத்துக் கூட்டி வாசிக்கச் சொல்லிக்கொடுக்க எனக்கு யாரும் பழக்கவில்லை.

இவர்கள் எப்படி இங்கே வந்து சேர்ந்தார்கள்? கல்வி அமைச்சராக இருந்த சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா 1945இல் இலவசக் கல்வியைக் கொண்டுவந்த காலத்தில், ஏழை வீட்டுக் கெட்டிக்காரப் பிள்ளைக்கும் நல்ல பாடசாலை கிடைக்க வேண்டும் என்பதுதான் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையின் நோக்கம். நல்ல நோக்கம். இன்றைக்கு அது அரிதட்டாக வேலை செய்கிறது. ஐந்தாம் தரத்தில் வெட்டுப்புள்ளி தாண்டியவர்களைப் பெயர்பெற்ற பாடசாலைகள் எடுத்துக்கொள்கின்றன. மிஞ்சியவர்களை எங்கள் பாடசாலை ஆறாம் தரத்தில் புள்ளிப்படி ஏ, பி, சி என்று மறுபடியும் அரிக்கிறது. அப்புறம் ஆசிரியர்களையும் அரிக்கிறோம்: அனுபவசாலிகள் ஏ-க்கு, பயிலுநரும் பதில் பாடவேளைகளும் சி-க்கு. மூன்று தரம் அரித்து அடியில் தங்கியதைக் காட்டி "கஷ்டமான பாடசாலை" என்கிறோம்.

வியாழக்கிழமை மேற்பார்வைக்கு விரிவுரையாளர் வந்தார். வெளியாள் ஒருவர் பின்வாங்கில் உட்கார்ந்ததும் வகுப்பு கப்சிப். பாடக்குறிப்பில் "ஐந்து ஈ" எனப்படும் கற்பித்தலின் ஐந்து படிமுறைகளும் ஒழுங்காக இருந்தன, குழு வேலை நடந்தது, கரும்பலகையில் இருந்ததை எல்லாரும் முத்து முத்தாகப் பார்த்து எழுதினார்கள். வாசிக்கத் தெரியாத பிள்ளைகளின் கையெழுத்து பல நேரம் மிக அழகாக இருக்கும், எழுத்தை அவர்கள் படமாகத்தான் வரைகிறார்கள். எனக்கு நல்ல புள்ளி. அவர் கொண்டுவந்த படிவத்தில் கரும்பலகைப் பாவனைக்கு இடம் இருக்கிறது, குரலுக்கு இடம் இருக்கிறது. பிள்ளைக்கு வினா விளங்கியதா என்பதற்கு ஒரு கட்டமும் இல்லை.

ஆகவே என் கட்சி இதுதான். பயிலுநர்களை ஏ வகுப்புக்கு அனுப்புங்கள். அங்கே பாதிப் பிள்ளைகள் பாடத்தை டியூஷனில் முன்கூட்டியே முடித்துவிட்டார்கள், நாங்கள் தடுமாறினாலும் அவர்களுக்குச் சேதம் இல்லை. பிரம்பு நீட்டிய அந்த ஆசிரியை இருபது வருடமாகத் தமிழ் கற்பிக்கிறவர். அவரை ஆறாம் தரத்தின் சி-க்குக் கொடுங்கள், பாடத்திட்டத்தை ஒரு தவணைக்கு ஒதுக்கிவைத்து வாசிப்பை மட்டும் செய்யட்டும். முடிந்தால் ஏ, பி, சி என்பதையே கலைத்துவிடுங்கள்.

அதிபரின் பக்கமும் எனக்கு விளங்குகிறது. சாதாரண தரப் பரீட்சையில் எத்தனை பேர் சித்தி என்றுதான் வலயக் கல்விப் பணிமனை கேட்கும், 6 சி-யில் எத்தனை பேர் வாசிக்கப் பழகினார்கள் என்று கேட்காது. ஏ-யிலிருந்து நல்ல ஆசிரியரை எடுத்தால் மறுநாளே பெற்றோர் வாசலில் நிற்பார்கள். சி-யின் பெற்றோர் வரமாட்டார்கள். ஒருவர் துறைமுகத்தில், ஒருவர் குவைத்தில்.

கட்டாயக் கல்வி வயதை 16 ஆக்கியது நல்லதுதான். ஆனால் அந்த உயரமானவன் 16 வரை இந்த வாங்கில் உட்கார்ந்து என்ன செய்யப் போகிறான் என்பதையும் யாராவது யோசித்திருக்க வேண்டும்.

அடுத்த தவணைக்கு நேரசூசி தயாராகிறது. 9 சி-யின் கணிதத்தைக் காலையில் முதலாம் பாடவேளைக்கு மாற்றித் தரும்படியும், வாரத்தில் ஒரு பாடவேளையை வாசிப்புக்கு விடும்படியும் வெள்ளிக்கிழமை எழுதிக் கொடுத்திருக்கிறேன். பிரதி அதிபர் வாங்கிப் பார்த்துவிட்டு, ஏ வகுப்பின் கணித ஆசிரியரிடம் கேட்க வேண்டும் என்றார்.