பாட்டன் ஊரைக் கேட்டால் பெட்டியைக் கட்டச் சொல்வதா?

போன கிழமை இலங்கை மலையகத்துப் பொகவந்தலாவைத் தங்கச்சி ஒருத்தி இணையத்தில் போட்ட படத்தையும், அதற்குக் கீழே நடந்த கூத்தையும் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதை மறுபடி இங்கே எடுத்துப் போட எனக்கு மனமில்லை. அவளுடைய பூட்டனாரின் பழைய பாஸ்போர்ட் அது. ஊர்ப் பெயர் பாதி அழிந்துவிட்டது, திருச்சிராப்பள்ளி ஜில்லா என்பது மட்டும் தெரிகிறது. "இந்த ஊர் யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள்.

"அப்ப அங்கேயே போக வேண்டியதுதானே" என்று முகம் தெரியாத ஒருவன் எழுதியதை நான் பெரிதாக எடுக்கவில்லை. கள்ளத்தோணி, தோட்டக்காட்டான் என்ற வசை எல்லாம் கேட்டு வளர்ந்த காது இது. ஆனால் நம்மவர் ஒருவர், நம்மைப் போலத் தமிழ்நாட்டிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களின் வழியில் பிறந்த மலையகத் தமிழர், நாலு பேர் மதிக்கிற மனிதர், அதைப் பகிர்ந்து, "இந்தியாவில் ஊர் தேடுகிறவர்கள் இங்கே காணி கேட்கக் கூடாது" என்று எழுதினார் பாருங்கள். அன்றிலிருந்து எனக்கு நித்திரை சரியில்லை.

ஐயா, பாட்டன் ஊரைக் கேட்பதற்கும் நாம் இருக்கிற ஊரை விட்டுக்கொடுப்பதற்கும் என்ன சம்பந்தம்?

உங்கள் பாட்டன் எங்கே பிறந்தான் என்று முதலில் கேட்டது நாம் இல்லை. இலங்கையின் 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் கேட்டது. உன் தகப்பன் இலங்கையில் பிறந்தவனா, இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்களா, காட்டு என்றது. லயத்துக் காம்பராவில், தோட்டத்து வரிசை வீட்டு அறையில், பிறந்தவர்களிடம் எந்தக் கடதாசி இருந்தது காட்டுவதற்கு? அடுத்த வருஷம், நாம் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்க என்று இன்னொரு சட்டம் வந்தது. 1946 ஜனவரி 1ஆம் திகதிக்கு முன்னால், கல்யாணம் ஆனவர் ஏழு வருஷம், ஆகாதவர் பத்து வருஷம் தொடர்ந்து இங்கே இருந்ததை நிரூபிக்க வேண்டும். எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பம் போனது. கிடைத்தது ஏறக்குறைய 1,34,000 பேருக்கு.

என் தாத்தா அந்த விண்ணப்பம் போட்ட காலத்தில்தான் ஊரிலிருந்து வந்த கடிதங்களை எல்லாம் அடுப்பில் போட்டார் என்று அப்பாயி சொல்லும். தங்கச்சி கல்யாணத்துக்குப் பணம் அனுப்பியது தெரிந்தால், ஆத்தாள் சாவுக்குப் போய்வந்தது தெரிந்தால், நீ இங்கத்து ஆள் இல்லை என்று தள்ளிவிடுவார்கள் என்ற பயம். தள்ளித்தான் விட்டார்கள். கடிதமும் போனது, பிரஜாவுரிமையும் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அந்த ஊர்ப் பெயரை யாரும் வாயால் சொல்லவில்லை. என் அப்பாவுக்கே தெரியாது. பயந்து மறந்த பெயர் ஐயா அது. பிள்ளைகள் இன்றைக்குப் பயமில்லாமல் கேட்கிறார்கள் என்றால் நாம் சந்தோஷப்பட வேண்டாமா?

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்குப் போனவர்களுக்குக் கப்பல் பட்டியல் இருக்கிறது. 1860 முதல் 1911 வரை இறங்கிய 1,52,184 பேருக்கும் இலக்கம் போட்டு, தகப்பன் பெயர், வயது, ஜில்லா, கிராமம் என்று எழுதி வைத்தார்கள். மொரிசியஸில் மோகா என்ற ஊரில் மகாத்மா காந்தி நிறுவனத்துக்குப் போனால் பூட்டனுடைய பதிவை எடுத்துக் கொடுக்கிறார்கள். நமக்கு என்ன இருக்கிறது? நம்மைக் கூட்டிவந்தது கங்காணி, தோட்டத்துக்கு ஆள் பிடித்த மேஸ்திரி. அவருடைய பற்றுக் கணக்கில் நாம் கடன்காரர்கள். 1900களின் ஆரம்பத்தில் கழுத்தில் ஒரு தகரத் துண்டு கட்டிவிட்டார்கள். அதில் போகிற தோட்டத்துக்கு இலக்கம் இருந்தது. ஆளுக்குப் பெயர் இல்லை, விட்டுவந்த ஊரும் இல்லை. அதற்கும் முந்தி, மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டு வழியே நடந்து வாந்திபேதியில் விழுந்தவர்களுக்கு அதுகூட இல்லை.

அதனால் நாம் தேடுவது குலசாமியை வைத்து. எங்களுக்கு மிஞ்சியதும் அதுதான். அப்பாயி திருநீறு போடும்போதெல்லாம் "காவிரிக்கரைச் செல்லாண்டி" என்று முணுமுணுக்கும். அந்த ஒற்றை வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நான் முசிறிப் பக்கம் போனேன். கோயில் கோயிலாகக் கேட்டேன். ஒரு பூசாரி, எங்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாக மூத்த பையனுக்கு வைக்கிற பெயரைக் கேட்டதும் நிமிர்ந்து பார்த்தார். "சிலோன் போன வகையறாவா?" என்றார். எனக்குக் கால் நிற்கவில்லை.

அடுத்து நடந்ததையும் சொல்லத்தான் வேண்டும். டீக்கடையில் ஒரு பெரியவர், "ஊருக்குள்ளயா, காலனியா?" என்று கேட்டார். எதைக் கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். சொன்னேன். அதற்குப் பிறகு பேச்சு குறைந்துவிட்டது.

"பார்த்தாயா, அந்தச் சாதிக் குப்பையைத்தான் கிளறப் போகிறீர்கள்" என்று பின்னூட்டத்தில் தோழர்கள் எழுதியிருக்கிறீர்கள். இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். அந்தத் தங்கச்சிக்கும் உட்பெட்டியில் "நீங்க என்ன ஆளுங்க?" என்று எத்தனை பேர் கேட்டார்களோ. ஆனால் நம்மவர்கள் எதற்காகக் கடல் தாண்டினார்கள்? பஞ்சத்துக்கு மட்டுமா? அந்தத் தெருவில் நிமிர்ந்து நடக்க முடியாமலும்தானே. அது தெரியாமல் தாத்தாவைப் பற்றி நமக்கு என்ன தெரியும்? தேடிப் போனால்தான் அவர் எதை உதறிவிட்டு வந்தார் என்பதும் தெரிகிறது.

"மலையகத்தார் என்று நிலைநாட்டப் பாடுபட்டோம், மறுபடி இந்தியன் என்று ஆக்கிவிடாதே" என்பவர்களுக்குச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. 2023இல், நாம் இங்கே வந்த இருநூறு வருஷ நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தபோது படம் போட்டுப் பெருமைப்பட்டவர்தானே நீங்களும்? தலைமன்னாருக்கு அந்தப் பக்கம் எங்கே இருந்தோம் என்று ஒரு பிள்ளை கேட்டால் மட்டும் ஏன் கசக்கிறது?

இன்னொன்றும் கேட்கிறேன். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் நம்மைக் கேட்காமலே நம்மைப் பங்கு போட்டார்கள். 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே. மிச்சம் 1,50,000 பேரை 1974இல் பாதிக்குப் பாதி பிரித்தார்கள். என் தாத்தாவின் தம்பி குடும்பம் அந்தக் கணக்கில் போனது. தலைமன்னார் கோச்சியில், ரயிலில், ஏற்றிவிட்டு வந்து தாத்தா மூன்று நாள் வேலைப் பெரட்டுக்குப் போகவில்லை. அந்தச் சின்னத் தாத்தா நீலகிரிப் பக்கம் கோத்தகிரியில் மறுபடி கொழுந்துத் தோட்டத்துக்கே போய்ச் சேர்ந்தார். கடைசி வரை அங்கே அவர் பெயர் சிலோன்காரர். இங்கே நமக்குப் பெயர் இந்தியாக்காரர். இரண்டு பக்கமும் வெளியே தள்ளியதை இத்தனை வருஷமாகப் பார்த்துவிட்டு, மூன்றாவதாக நீங்களும், நம்மவரே, ஒரு சின்னப் பிள்ளையைப் பார்த்து வாசலைக் காட்டுகிறீர்களே. உங்களுக்கு எப்படி மனம் வந்தது? உங்கள் அப்பாவும் நம்மைப் போல நாடற்றவராகத்தானே இருந்தார்.

காணி வேண்டும். ஏழு பேர்ச் துண்டு நிலம் என்று பிச்சை போல இல்லாமல் முறையாக, உறுதிப் பத்திரத்தோடு வேண்டும். அது இந்த மண்ணில் உழைத்ததற்கு. பாட்டன் எந்த ஊர் என்பதைச் சொல்லித்தான் அதை வாங்க வேண்டும் என்றோ, சொல்லாமல் மறைத்தால்தான் கிடைக்கும் என்றோ யாரும் எனக்கு விதி போட வேண்டாம்.

தங்கச்சி, பதிவை அழித்துவிட்டாய் என்று பார்த்தேன். திரும்பப் போடு. முத்திரை இருக்கிற பக்கத்தை வெளிச்சத்தில் வைத்து இன்னொரு தரம் படம் எடு. உங்கள் தோட்டத்தில் எண்பது வயதுக்கு மேல் யார் இருந்தாலும் இந்தக் கிழமையே போய் உட்கார். குலசாமி பெயர், முதல் முடி எடுக்க நேர்ந்துகொண்ட கோயில், மூத்த பிள்ளைகளுக்கு வைத்த பெயர்கள், கங்காணி எந்த ஊர்க்காரர் என்பதை எல்லாம் கேட்டு எழுது. கங்காணிமார் பெரும்பாலும் சொந்த ஊரைச் சுற்றித்தான் ஆள் பிடித்தார்கள். துறையூர், முசிறி, தொட்டியம் பக்கம் எனக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், எழுதியதை எனக்கு அனுப்பு.