சித்தி கேட்டதில் சிரிக்க என்ன இருந்தது?

பெங்களூர் அல்சூரில் நம் குழு நடத்திய கூட்டத்தில், மாடு வளர்க்கும் என் சித்தி கேள்வி கேட்டதற்கு எல்லோரும் சிரித்த வீடியோவைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நேற்று அதற்குப் பின்னணி இசை சேர்த்து, சித்தி முகத்தைப் பெரிதாக்கி, நம் குழுவிலேயே ஒருவர் பகிர்ந்திருந்தார். அதற்கு அத்தனை சிரிப்புக் குறிகள். நடந்ததை நான் மறுபடி விளக்கப் போவதில்லை. எல்லோரும்தான் பார்த்துவிட்டீர்களே.

சித்தி கேட்டது ஒரே கேள்வி, மாட்டுக்கு வாயிலும் குளம்பிலும் புண் வரும் கோமாரி நோயைப் பற்றி. "ஊசி போட்ட மாட்டுக்கும் கோமாரி வந்துச்சே, அது ஏன் தம்பி?" மேடையில் இருந்தவர் மாட்டின் கழுத்தில் கட்டும் ஒரு பட்டையைக் காட்டிக்கொண்டிருந்தார். மாட்டுக்குக் காய்ச்சல் வந்தால் கைபேசிக்குச் செய்தி வருமாம். "ஆண்ட்டி, அதெல்லாம் கவர்ன்மெண்ட் சமாச்சாரம். நாம ஃப்யூச்சரைப் பத்திப் பேசிட்டிருக்கோம்" என்றார். மண்டபமே சிரித்தது.

காய்ச்சலைக் கண்டுபிடிக்க சித்திக்குப் பட்டை வேண்டாம். காதைத் தொட்டுப் பார்ப்பார், அசை போடுகிறதா என்று பார்ப்பார், தீர்ந்தது. ஊசி போட்டும் நோய் ஏன் வந்தது என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியாது, மேடையில் இருந்தவருக்கும் தெரியாது. தெரியாததைத் தேடத்தானே ஆராய்ச்சி? அப்படியென்றால் அன்றைக்கு அந்த மண்டபத்தில் ஆராய்ச்சிக்கு உருப்படியான கேள்வி கேட்டவர் அவர் ஒருவர்தான்.

கோமாரித் தடுப்பூசியை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும். உறைந்தாலும் கெட்டது, சூடேறினாலும் கெட்டது. முதல் ஊசிக்கு ஒரு மாதம் கழித்து ஊக்க ஊசி, அப்புறம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. நம் நாட்டுக் கிருமியில் ஓ, ஏ, ஆசியா-1 என்று மூன்று வகை. ஒன்றுக்கு உண்டாகும் எதிர்ப்பு மற்றதைத் தடுக்காது. ஒரே வகைக்குள்ளும் கிருமி மாறிக்கொண்டே இருக்கும். ஆக, குளிர்ப்பெட்டியில் கோளாறா, தவணை தப்பியதா, ஊசியின் ரகம் பொருந்தவில்லையா, ஊசி போட வந்தபோதே கிருமி உடம்பில் இருந்ததா? இதில் எது என்று கொட்டகையிலேயே கண்டுபிடித்துச் சொல்ல ஒரு வழி வேண்டும். ஆராய்ச்சிக்கென்று ஒதுக்கும் முதல் பணம் அதற்குப் போகட்டும் என்கிறேன். பட்டைக்கு அப்புறம் கொடுங்கள்.

நோய் வந்த கொட்டகையைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சித்தி இருப்பது கே.ஆர்.புரம் தாண்டி. எச்.எஃப். என்கிற சீமைக் கறவை இனத்தின் கலப்பு மாடுகள். நோய் வந்த வாரம் நான் போயிருந்தேன். வாயிலிருந்து எச்சில் நூல் நூலாகத் தொங்க, மாடு சப்புக்கொட்டிக்கொண்டே நின்றது. நாக்குத் தோல் உரிந்து சதை தெரிந்தது. சித்தி வெந்தயம், மிளகு, சீரகத்தை ஊறவைத்து, பூண்டு, மஞ்சள், வெல்லம் சேர்த்து அரைத்து, தேங்காய்த் துருவலோடு பிசைந்து, அந்த நாக்கில் விரலால் தடவிக்கொண்டிருந்தார். சித்தப்பா பெர்மாங்கனேட் தண்ணீரில் குளம்பு இடுக்கைக் கழுவிப் புழு எடுத்துக்கொண்டிருந்தார். பெரிய மாடு பிழைத்தது. ஆனால் பால் பழைய அளவுக்குத் திரும்பவில்லை. இன்றைக்கும் வெயில் ஏறினால் நாக்கைத் தள்ளிக்கொண்டு இரைக்கிறது. கோமாரி வந்துபோன சில மாடுகளுக்கு அந்த இரைப்பு போவதே இல்லை. பால்குடிக் கன்று நின்ற இடத்திலேயே விழுந்து செத்தது. இளங்கன்றுகளில் அந்தக் கிருமி இதயத்தைத் தாக்கும்.

இதெல்லாம் வீடியோவில் வராது.

பக்கத்துக் கொட்டகைக்காரர் தன் மாட்டுக்கும் வந்ததைச் சொல்லவே இல்லை. சொன்னால் பால் எடுக்க மாட்டார்கள் என்று பயம். சத்தமில்லாமல் மாட்டைச் சந்தையில் தள்ளிவிட்டார். அவரைத் திட்டி என்ன பயன்? 2001இல் பிரிட்டனில் கோமாரி வந்தபோது 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகளைக் கொன்று, நஷ்டஈடு கொடுத்து அடக்கினார்கள். இங்கே அது நடக்கிற காரியமா? நோயை மறைக்காமல் சொல்பவனுக்கு நஷ்டம் வராமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதும் ஆராய்ச்சிதான். அதற்கு ஆய்வுக்கூடம்கூட வேண்டாம், மாடு வைத்திருப்பவர்களிடம் உட்கார்ந்து பேசினால் போதும். ஆனால் அதை மேடையில் காட்டிக் கைதட்டு வாங்க முடியாது, பாருங்கள்.

"நீ டெக்னாலஜிக்கு எதிரியா?" என்று ஒருவர் உள்பெட்டியில் கேட்டார். ஐயா, நான் மென்பொருள் நிறுவனத்தில்தான் சம்பளம் வாங்குகிறேன்.

"நோயை ஒழித்ததே விஞ்ஞானம்தானே, மாட்டுக்காரர்களா ஒழித்தார்கள்?" என்றார் இன்னொருவர். இதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். உலகத்திலிருந்தே ஒழிந்துபோன ஒரே மாட்டு நோய் வெக்கை நோய், இங்கிலீஷில் ரிண்டர்பெஸ்ட். ஒழிந்ததாக அறிவித்தது 2011இல். நல்ல தடுப்பூசி 1960களிலேயே கையில் இருந்தது. இந்தியாவில் ஒழிப்புத் திட்டம் தொடங்கியது 1954இல். கடைசியாக நோய் தென்பட்டது 1995இல், நம்மில் பாதிப்பேருக்குச் சொந்த ஊரான வட ஆற்காடு பக்கம். ஊசி கையில் இருந்தும் இடையில் ஏன் அத்தனை வருடம்? ஆப்பிரிக்காவில் கடைசிக் கட்டத்தில் கைகொடுத்தது, குளிர்ப்பெட்டி இல்லாமலும் சில வாரம் தாங்கும் தடுப்பூசியும், அதைப் போடக் கற்றுக்கொண்ட மாடு மேய்ப்பவர்களும்தான். ஊசியைக் கொட்டகைவரை கெடாமல் கொண்டுபோவது எப்படி என்று யோசித்ததும் விஞ்ஞானம்தான் ஐயா.

"எலகங்காவில் நிவேதி என்கிற கால்நடை நோய் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, ஹெப்பாளத்தில் அத்தனை ஆய்வுக்கூடங்கள் இருக்கின்றன, அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்றும் சொன்னார்கள். இருக்கிறார்கள், நல்ல வேலையும் செய்கிறார்கள், இல்லை என்று யார் சொன்னது? 2019இல் கோமாரிக்கும் கன்று வீச்சு நோய்க்கும் (புரூசெல்லோசிஸ்) 13,343 கோடி ரூபாய்த் திட்டமே வந்தது. கோமாரியை 2030க்குள் ஒழிப்பது இலக்கு. அத்தனை கோடி செலவாகிற காரியத்தில் ஊசி பலித்ததா என்று சம்பந்தப்பட்டவர் கேட்டால் அது நகைச்சுவை ஆகிவிடுமா?

"சும்மா ஜாலிக்குச் சிரித்தோம், மனசில் வைத்துக்கொள்ளாதே" என்பவர்களுக்கு: வைத்துக்கொள்வேன். கன்னடம் கலந்த தமிழில், கசங்கின புடவையில் வந்த ஒரு பெண் என்பதால்தான் சிரித்தீர்கள். அதே கேள்வியை ஒரு வெள்ளைக் கோட்டு இங்கிலீஷில் கேட்டிருந்தால் 'வெரி குட் கொஸ்டின்' என்று குறிப்பெடுத்திருப்பீர்கள். சித்தியைக் கூட்டத்துக்குக் கூட்டிவந்தது நான். மாடு பற்றிப் பேசுகிறார்கள், வாங்க என்று வற்புறுத்தினேன். அவர் மத்தியானப் பால் கறவையைச் சித்தப்பா தலையில் கட்டிவிட்டு வந்தார். இப்போது அந்த வீடியோ அவர் மருமகள் வீட்டுக் குழுவரை போய்விட்டது.

அடுத்த மாதக் கூட்டத்துக்கும் மண்டபம், மைக், காபி எல்லாம் என் பொறுப்பு என்று போட்டிருக்கிறீர்கள். அந்த வீடியோ நம் குழுவில் இருக்கிறவரை வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள். மண்டபச் சாவி என்னிடம்தான் இருக்கிறது. யாராவது வந்து வாங்கிக்கொள்ளலாம்.