தமிழ் தானா வந்துடாது

‘தமிழ்தானே, அது தானா வந்துடும். இங்கிலீஷுக்கும் கணக்குக்கும் டியூஷன் போட்டாப் போதும்.’ காரைக்குடிப் பக்கம் எந்தக் கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தாலும் இது காதில் விழுகிறது. சொல்கிறவர்கள் தமிழ் வேண்டாம் என்கிறவர்கள் இல்லை. கம்பன் விழாவில் முன்வரிசையில் உட்காருகிறவர்கள், தமிழ்த்தாய்க்குக் கோயில் கட்டிய ஊர் என்று வெளியூர் விருந்தாளியைக் கூட்டிப் போய்க் காட்டுகிறவர்கள். சா. கணேசன் 1939-ல் கம்பன் கழகம் தொடங்கிய ஊர் இது. அதே ஊரில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று தமிழில் ஒரு விடுப்புக் கடிதம் எழுத வரவில்லை.

பேச்சு தானாக வரும். எழுத்து வராது. வாயால் ‘காத்து’ என்கிறோம், எழுதும்போது காற்று. நேத்து, நேற்று. வத்தல், வற்றல். சரி, ‘த்த’ வந்தால் ‘ற்ற’ போடு என்று சொல்லிவிடலாமா? பத்தும் முத்தும் அப்படியேதான் இருக்கின்றன. பிள்ளை இதையெல்லாம் கண்ணால் பார்த்துத்தான் பழக வேண்டும். யாராவது உட்கார்ந்து காட்டவும் வேண்டும்.

அதற்கு டியூஷன் வேண்டியதில்லை. தினம் கால் மணி நேரம் போதும். எங்கள் வீட்டில் மூன்றாம் வகுப்பு ஒன்று, ஐந்தாம் வகுப்பு ஒன்று. சாயங்காலம் விளக்கேற்றிய பிறகு முகப்பில் உட்காருவோம். ஒரு நாளைக்கு ஒரே ஒரு சங்கதி. நேரம் முடிந்தால், பாதி வரியில் நின்றாலும் நோட்டை மூடிவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை ஒரேயடியாக இரண்டு மணி நேரம் உட்கார வைக்கிற அப்பாக்களைப் பார்த்திருக்கிறேன். முதல் அரை மணியில் பிள்ளை களைத்துவிடும். மிச்ச நேரம் முழுக்கச் சத்தம்தான்.

‘சொல்வதை எழுதுதல்’ என்று பள்ளிக்கூடத்தில் நடப்பதில் எனக்குப் பெரிய மனக்குறை உண்டு. வார்த்தைகளைச் சொல்வார்கள், தப்பானதைப் பத்துத் தடவை எழுது என்பார்கள். சார்லட் மேசன் என்று இங்கிலாந்தில் ஓர் அம்மா இருந்தார், 1842-லிருந்து 1923 வரை வாழ்ந்தவர். சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் குட்டியாக இருக்க வேண்டும் என்று வலியுறுத்தியவர். அவர் முறை இதற்கு நேர் எதிர். எழுதப்போகிற பத்தியை முதலில் பிள்ளையிடமே கொடுத்துவிட வேண்டும். எந்த வார்த்தை கஷ்டம் என்று அதுவே பார்த்து, கண்ணை மூடி மனசில் நிறுத்திப் பழகட்டும். அப்புறம்தான் நாம் சொல்ல வேண்டும். தப்பாக எழுதிய வார்த்தை கண்ணில் பட்டால் அந்தத் தப்புதான் மனசில் பதியும், உடனே மறைத்துவிடு என்பார் அவர். அவர் சொன்னது ஆங்கிலத்துக்கு. ஆனால் ர, ற குழப்பத்துக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியவில்லை. அரை, அறை இரண்டையும் நம் வாய் ஒரே மாதிரிதான் சொல்கிறது. காதை நம்பி எழுதச் சொன்னால் பிள்ளை என்ன செய்யும்? ‘வாளைப்பளம்’ என்று பேசிக்கொண்டே ழகரத்தைத் தப்பாக எழுதினாய் என்று பிள்ளை தலையில் குட்டுவது என்ன நியாயம்?

ஆனால் சந்தி விஷயத்தில் காது கைவிடாது. இதைப் பாதிப் பேர் தலைகீழாகச் செய்கிறார்கள். காதை நம்பலாம் என்கிற இடத்தில் விதியைக் கொண்டுவந்து திணிக்கிறார்கள். நான் அடுக்களைச் சம்படங்களுக்குப் பேர் எழுதி ஒட்டுகிற வேலையைச் சின்னவளிடம் கொடுத்தேன். ‘கடலை பருப்பு’ என்று எழுதினாள். தப்பு என்று சொல்லவில்லை, சத்தமாகப் படி என்றேன். ‘கடலைப்பருப்பு’ என்றாள். நடுவில் உதடு ஒட்டி நிற்குதா பார் என்றேன். நிற்கிறது. அங்கேதான் ‘ப்’ இருக்கு, போடு. மிளகாய்த்தூளுக்கும் மல்லித்தூளுக்கும் என்னைக் கேட்கவே இல்லை, ‘த்’ தானாக வந்துவிட்டது. ஊறுகாயைச் சொல்லிப் பார்த்தாள், ‘கா’ மெதுவாகத்தான் வந்தது, ஒன்றும் போடவில்லை. துவரம்பருப்பில் மட்டும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “இங்க ‘ம்’ வந்து நிக்குதேம்மா, ‘ப்’ எங்க நிக்கும்?” என்றாள். வினைத்தொகை, பண்புத்தொகை என்கிற பேரெல்லாம் அவளுக்குத் தெரியாது. இப்போது தெரியவும் வேண்டாம். மேல் வகுப்பில் அந்தப் பேர்கள் வரும்போது, சம்படத்தில் ஒட்டிய விஷயத்துக்குத்தான் பேர் வைக்கிறார்கள் என்று புரிந்துகொள்வாள்.

விதி சொல்லித்தான் ஆக வேண்டும் என்கிற இடங்களும் கொஞ்சம் உண்டு. வார்த்தைக்கு முதலிலும் ‘த’வுக்கு முன்னாலும் ந, மற்ற இடங்களில் பெரும்பாலும் ன. வண்டி, கன்று, பந்து: ட-வுக்கு முன் ண், ற-வுக்கு முன் ன், த-வுக்கு முன் ந். இதை ஒரே நாளில் சொல்லி முடித்துவிடலாம். மனமா மணமா என்பது மட்டும் மறுபடி கண் வேலைதான்.

இன்னொரு விதி: ற், ட் வந்த இடத்தில் பக்கத்தில் இன்னொரு ஒற்று ஒண்டாது. முயற்சி, பயிற்சி, கட்சி, அவ்வளவுதான். ‘முயற்ச்சி’ கிடையாது. இதைச் சொல்லிக் கொடுத்த பிறகு தேவகோட்டைக்குப் பஸ்ஸில் போனால் பெரியவனுக்குப் பொழுதே போதவில்லை. ஃப்ளெக்ஸ் போர்டு ஒன்று விடாமல் எண்ணுகிறான். ஒரு டியூஷன் சென்டர் வாசலில் கொட்டை எழுத்தில் ‘பயிற்ச்சி மையம்’ என்று பார்த்துவிட்டு அவன் சிரித்த சிரிப்பில் கண்டக்டரே திரும்பிப் பார்த்தார்.

சொல்வதை எழுத எதை எடுப்பது என்று கேட்கிறார்கள். பாடப்புத்தகமே போதும். நான் அழ. வள்ளியப்பா பாட்டுகளையும் எடுக்கிறேன். 1922-ல் நம்ம ராயவரத்தில் பிறந்தவர். வரி சின்னது, வார்த்தை லேசானது, எதுகை இருப்பதால் அடுத்த வரி பாதி தானாக ஞாபகம் வரும்.

சொந்தமாக எழுதுவதற்குக் கட்டுரைத் தலைப்பு கொடுக்காதீர்கள். ‘எனது பொழுதுபோக்கு’ என்று எழுதி யாருக்கு அனுப்பப் போகிறது பிள்ளை? எங்கள் வீட்டில் வாரம் ஒரு போஸ்ட் கார்டு, ஆயாவுக்கு, அதாவது பாட்டிக்கு. மூன்று வரி எழுதினாலும் சரி. பதில் வருகிறது என்பதால்தான் எழுதுகிறார்கள். ஆயா 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னால் படித்தவர், ‘லை’ எழுதினால் தலைக்கு மேல் துதிக்கை மாதிரி ஒரு சுழி வரும். முதல் கார்டை இரண்டும் மண்டையை உடைத்துக்கொண்டு படித்தன. இப்போது பெரியவன் தன் பதிலில் அந்தத் துதிக்கையைப் போட்டு அனுப்புகிறான். நான் திருத்தவில்லை. கார்டில் மற்ற பிழைகளையும் எல்லாவற்றையும் திருத்துவதில்லை. ஒன்றைக் குறித்து வைத்துக்கொண்டு மறுநாள் பாடமாக்குவேன். கடிதம் முழுக்கச் சிவப்பு மசியில் சுழித்தால் அடுத்த வாரம் ‘நலம், நலமறிய ஆவல்’ என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள்.

நேரமில்லை என்கிற அப்பாக்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். என் கொழுந்தனார் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். இங்கே ஏழு மணி என்றால் அங்கே ஒன்பதரை. சாப்பிட்டுவிட்டு வீடியோ காலில் வந்து, இங்கே இருக்கிற தன் மகனுக்கு ஐந்து வரி சொல்கிறார், அவன் எழுதி நோட்டைக் கேமராவுக்கு முன்னால் பிடிக்கிறான். கடல் தாண்டி இருக்கிறவருக்கு முடிகிறது. இதே ஊரில் செக்காலையில் கடை வைத்திருக்கிறவருக்கு ஏன் முடியாது என்று எனக்கு விளங்கவே இல்லை.