பார்க்கத்தான் வந்தோம்

ஓவியக் கேலரி ஒன்றில் என் சித்தப்பாவைப் பார்த்து அங்கிருந்த பெண் 'வாங்கறீங்களா, சும்மா பார்க்கறீங்களா' என்று கேட்டதை எழுதியிருந்தேன். அந்த விவகாரத்தை நான் ஊதிப் பெரிதாக்குகிறேனாம். சரி, இன்னும் கொஞ்சம் ஊதுகிறேன்.

கேலரிக்கு வருகிறவர் பார்க்கத்தான் வருவார். 'அனைவரும் வருக' என்று அழைப்பிதழ் அடித்துவிட்டு, வாசலில் செருப்பைப் பார்த்து ஆளை எடை போடுவது என்ன பழக்கம்?

என்னோடு வந்தது சித்தப்பா. சினிமா பேனர் வரைந்தவர். ஸ்டில் மேல் கட்டம் போட்டு, அதை ஆள் உயரத்துக்கு மேல் பெருக்கி வரைந்த கை. ஃப்ளெக்ஸ் வந்ததும் தொழில் போயிற்று. அன்றைக்கு உருவம் எதுவுமில்லாத ஒரு அரூப ஓவியத்தின் முன்னால் குனிந்து, "இது பிரஷ் இல்லடா, கத்தியில இழுத்திருக்கான். அடியில மஞ்சள் காயறதுக்குள்ள நீலத்த இழுத்துட்டான், அதான் ஓரத்துல பச்சையா கசியுது" என்றார். சரியாக அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது.

"கேலரி வியாபாரம்தானே, வாடகை யார் கொடுப்பது?" என்பீர்கள். நியாயம்தான். 1966இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரோடு சென்னையை அடுத்த சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கிய ஓவியர்களே, மெழுகு பூசிச் சாயம் ஏற்றிய பாத்திக் துணி விற்றுத்தான் காலத்தை ஓட்டினார்கள். விற்பதை யார் குறை சொன்னார்? பார்க்க வந்தவரை ஏன் குறுகவைக்கிறீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

"படத்தைத் தொட்டுவிட்டால்?" ஐயா, அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். கித்தானில் கைப்பை உரச செல்ஃபி எடுத்தவர்களிடம் யாரும் வாயைத் திறக்கவில்லை.

சென்னை கிரீம்ஸ் ரோட்டில் இருக்கும் மத்திய அரசின் கலைக்கூடமான லலித் கலா அகாதெமிக்கு நான் போனபோதெல்லாம் இப்படி யாரும் கேட்டதில்லை. கேட்காமல் இருக்க முடியும் என்பதற்காகச் சொல்கிறேன்.

அப்புறம் அந்தச் சுவர்க் குறிப்புகள். அத்தனையும் இங்கிலீஷ். பணிக்கர் கித்தான் முழுக்க எழுத்து வடிவங்களை நிரப்பி அதையே ஓவியமாக்கியவர். ஓவியர் ஆதிமூலம் தமிழ்ச் சிறுபத்திரிகைகளுக்குக் கோட்டோவியம் போட்டவர். அவர்கள் வாழ்ந்த ஊரில் ஓவியர் பெயரைக்கூடத் தமிழில் எழுத ஆளில்லை. சித்தப்பா குறிப்பைப் படித்துச் சொல்லச் சொன்னார். படித்தேன். எனக்கே புரியவில்லை, அது வேறு கதை.

அந்தக் கேள்வியைச் சித்தப்பா பெரிதாக எடுத்துக்கொள்ளவே இல்லை. "அந்தப் பொண்ணுக்குச் சொல்லிக்குடுத்தது அவ்ளோதான், விடுடா" என்றார். எனக்குத்தான் ஆறவில்லை. தெருவில் நின்று ஊரே அண்ணாந்து பார்த்த படங்களை வரைந்தவரிடம், பார்க்க மட்டுமா வந்தீர்கள் என்று கேட்டால் எப்படி ஆறும்?

"இங்கிலீஷ் தெரியாதவருக்கு மாடர்ன் ஆர்ட் எதற்கு?" என்று நேற்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். நட்புப் பட்டியலிலிருந்து தூக்கிவிட்டேன். அவர் வீட்டு ஹாலில் தொங்குவது, சோஃபா நிறத்துக்குப் பொருத்தம் பார்த்து வாங்கிய பிரிண்ட்.