ராவணன் காணாமல் போகவில்லை

'தூர்தர்ஷனின் ராமாயணம் தொடர் முடிந்ததும் ராவணனாக நடித்த அரவிந்த் திரிவேதி மறைந்தே போனார்' என்று ஒரு கட்டுரையில் இருப்பது சரியில்லை. அவர் காணாமல் போனது தூர்தர்ஷனை மட்டும் பார்த்தவர்களுக்குத்தான். குஜராத்திப் படங்களில் அதற்கு முன்பும் பின்பும் நடித்துக்கொண்டே இருந்தார். 1991இல் பாஜக சார்பில் சபர்காந்தாவில் நின்று எம்.பி. ஆனார். (அதே தேர்தலில் சீதையும் பரோடாவில் ஜெயித்தார்!) 2002 ஜூலையில் விஜய் ஆனந்த் விலகியதும் திரைப்படத் தணிக்கை வாரியத்தின் பொறுப்புத் தலைவரானார்; 2003 அக்டோபரில் அனுபம் கேர் வரும்வரை அந்த நாற்காலியில் இருந்தார். இதைக் கட்டுரை தொடவே இல்லை.

அவர் படகோட்டி கேவட் வேடம் கேட்டுப் போனவர். நடையையும் தோரணையையும் பார்த்துத்தான் தொடரை இயக்கிய ராமானந்த் சாகர் ராவணனாக்கினார். நாடக மேடையில் பழகிய குரல். அந்தச் சிரிப்பு சும்மா வந்ததில்லை. 2020 ஊரடங்கு மறுஒளிபரப்பில், சீதையைத் தூக்கிச் செல்லும் காட்சியைப் பார்த்துத் தொலைக்காட்சி முன் கைகூப்பினாரே, அந்த வீடியோவையாவது சேர்த்திருக்கலாம்.

பழைய படங்களைத் தேடுபவர்கள் அண்ணன் உபேந்திரா திரிவேதியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அவரும் குஜராத்தி நட்சத்திரம், 2015இல் காலமானார். அரவிந்த் மறைந்தது 2021 அக்டோபரில்; அந்த ஆண்டு மே மாதமே அவர் இறந்ததாகச் சுற்றியது வெறும் வதந்தி.