அம்புக்குறி போட்டுப் படித்தால் மறக்காது

வேதியியல் பட்டப்படிப்பு என்றாலே மனப்பாடம்தான் என்று ஒரு கட்டுரையில் எழுதியிருப்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. முதல் ஆண்டில் நானும் கரிம வேதியியல் வினைகளை ஒவ்வொன்றாக உருப்போட்டேன். தேர்வு முடிந்த மறுவாரமே எல்லாம் மறந்துபோனது. எலக்ட்ரான் எங்கிருந்து எங்கே போகிறது என்று வளைந்த அம்புக்குறி போட்டுப் பழகிய பிறகுதான் விஷயம் பிடிபட்டது. மெத்தில் புரோமைடையே (ஒரு கார்பனோடு மூன்று ஹைட்ரஜனும் ஒரு புரோமினும் சேர்ந்த மூலக்கூறு) எடுத்துக்கொள்ளுங்கள். ஹைட்ராக்சைடு அயனி கார்பனைப் பின்பக்கமாக வந்து தாக்குகிறது, புரோமின் கழன்று போகிறது, மற்ற மூன்று பிணைப்புகளும் காற்றில் குடை மடங்குவதுபோல மறுபக்கம் திரும்பிக்கொள்கின்றன. இதை ஒருமுறை மனக்கண்ணில் பார்த்துவிட்டால், அயோடைடு, சயனைடு என்று எது வந்து தாக்கினாலும் கதை அதேதான்.

அப்புறம் ஆய்வகம். அமிலத்தைக் காரத்தால் தரம்பார்க்கும்போது, அதாவது காரத்தைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து அமிலத்தின் அளவைக் கண்டறியும்போது, பியூரெட் என்ற அளவுக்குழாயிலிருந்து விழும் ஒரு சொட்டு சுமார் 0.05 மில்லிலிட்டர். அமிலம் தீர்ந்துபோகும் கட்டத்தில், அந்த ஒரே சொட்டில் பினால்ப்தலீன் என்ற நிறங்காட்டி மெல்லிய இளஞ்சிவப்பாகி நிற்கும். குடுவைக்கு அடியில் வெள்ளைத் தாள் வைத்துப் பாருங்கள், தவறவே விடமாட்டீர்கள்.

கணிதத்தை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். வெப்ப இயக்கவியலும் குவாண்டமும் வரும்போது நுண்கணிதம் கைவசம் இல்லையென்றால் ரொம்பவே திண்டாட வேண்டியிருக்கும்.